கடை நம்முடையது; பெயர் யாருடையது?



கடல் கடந்து சென்று கூலிக்கு உழைக்கும் மனிதனின் உள்ளத்தில், ஐந்தாறு ஆண்டுகள் கழிந்ததும் ஓர் ஆசை அரும்புகிறது. இன்னும் எத்தனை காலத்துக்குப் பிறர் கடையில் கணக்கு எழுதுவது, நமக்கென்று ஒரு சிறு கடை இருந்தால் ஆகாதா என்று அவன் தன்னைத் தானே கேட்டுக்கொள்கிறான். சரக்கு எங்கே மலிவாகக் கிடைக்கும் என்பது அவனுக்குத் தெரியும். அந்தத் தெருவில் எத்தனை குடும்பங்கள் குடியிருக்கின்றன, எந்த நேரத்தில் தேநீருக்குக் கூட்டம் வரும் என்பதும் தெரியும். நாவில் அந்நாட்டு மொழியும் ஓரளவு புரளத் தொடங்கிவிட்டது. ஊரிலுள்ள உடன்பிறந்தாரும் மைத்துனரும் மாமனாரும் கைகொடுத்தால் முதலும் திரண்டுவிடும்.

இந்த ஆசையைக் குறை கூறுவதற்கில்லை. இன்றைய தினத்தின் பெயரையே தாங்கி நிற்கும் 'ஜும்ஆ' அத்தியாயம், தொழுகை நிறைவேறியதும் பூமியில் பரவிச் சென்று இறைவனின் அருட்கொடையைத் தேடிக்கொள்ளுமாறு நம்மை ஏவுகிறது. பள்ளிவாசலுக்கும் கடைவீதிக்கும் இடையே இஸ்லாம் சுவர் எழுப்பவில்லை. குறைஷியரின் குளிர்காலப் பயணத்தையும் கோடைகாலப் பயணத்தையும் நினைவூட்டும் தனி அத்தியாயமே திருமறையில் உண்டு. நாயகம் (ஸல்) அவர்களும் நபித்துவத்திற்கு முன்னர் வணிகராக ஷாம் நாடு சென்று வந்தவர்களே. அயல்நாடு சென்று வாணிபம் செய்வது நமக்குப் பெருமையே தவிர இழுக்கன்று.

ஆகவே கடை திறக்கலாமா, கூடாதா என்பதை நாம் இங்கே ஆராயப் போவதில்லை. அந்தக் கடை யாருடைய பெயரில் திறக்கப்படுகிறது என்பதையே சற்று நிதானமாகச் சிந்திக்க விரும்புகிறோம்.

சந்தைக்கு வழி கேட்டவர்

மக்காவைத் துறந்து மதீனா வந்து சேர்ந்த முஹாஜிர்களுள் ஒருவர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அவரையும் மதீனத்து அன்ஸாரியான ஸஅது இப்னு ரபீஉ (ரலி) அவர்களையும் சகோதரர்களாக இணைத்து வைத்தார்கள். ஸஅது (ரலி) செல்வந்தர். தமது சொத்தில் சரிபாதியைத் தர முன்வந்தார். வெறுங்கையுடன் வந்த வேறு எவராயினும் அந்தப் பாதியை மகிழ்வுடன் பெற்றுக்கொண்டிருப்பார். இவரோ அவருக்காக இறைஞ்சிவிட்டு, இங்கே சந்தை எங்கே இருக்கிறது என்று மட்டும் வினவினார். கைனுகா குலத்தாரின் சந்தையை அவருக்குக் காட்டினார்கள். அங்குச் சென்று உலர்ந்த தயிர்க்கட்டியும் நெய்யும் வைத்து வாணிபம் செய்தார். சில காலத்திற்குள் தமது சொந்தச் சம்பாத்தியத்தில் மஹர் கொடுத்து மணம் புரியும் நிலைக்கு உயர்ந்தார். ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமா விருந்து அளிக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் அவரைப் பணித்ததாக ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம்.

உழைப்பின் உயர்வுக்கு எடுத்துக்காட்டாக இவ்வரலாற்றை மேடைகளில் கூறுவார்கள். அதில் இன்னொரு படிப்பினையும் உண்டு. அவர் நுழைந்த சந்தை தம் குலத்தாரின் சந்தையன்று. மதீனத்து யூதக் குலம் ஒன்றின் சந்தை. அங்கே அவர் முற்றிலும் அயலார். எனினும் அவர் வாங்கியதும் விற்றதும் தம் பெயரிலேயேதான். நெய் வாங்கிச் சென்றவருக்கு அதை விற்றவர் யார் என்பது தெரியும். ஸஅது (ரலி) அவர்கள் தம் பெயரைக் கொடுத்து அதற்கு மாத வாடகை கேட்கவில்லை. இவரும் ஸஅதின் பெயருக்குப் பின்னே மறைந்துகொள்ளவில்லை. ஒருவர் மனமுவந்து கொடுக்க முன்வந்தார்; மற்றவர் வெளிப்படையாக உழைத்தார். அந்தத் தெளிவு இன்று நம்மிடம் இருக்கிறதா?

முன்னோர் கண்ட துறைமுகங்கள்

'சபுராளி' என்னும் சொல் நம் கடற்கரை ஊர்களில் வழங்குவதை வாசகர்கள் அறிவார்கள். பயணத்தைக் குறிக்கும் 'சஃபர்' என்ற அரபுச் சொல்லின் வழிவந்தது அது. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர், கூத்தாநல்லூர் போன்ற ஊர்களில் சபுராளியைத் தராத தெரு அரிது. 1786-இல் ஆங்கிலேயர் பினாங்கைக் கைக்கொண்ட காலத்திலேயே அங்கே கடை விரித்தவர்கள் நம்மவர்கள். சூலியாத் தெரு என்ற பெயர் இன்றளவும் அதற்குச் சான்று பகர்கிறது. அந்நகரில் 1801-இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், சிங்கப்பூரில் 1826-இல் நிறுவப்பட்ட சூலியாப் பள்ளிவாசலும், சைகோன் நகரில் 1935-இல் தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசலும் அவர்கள் ஈட்டிய பொருளின் ஒரு பகுதி எங்கே சென்றது என்பதைக் காட்டி நிற்கின்றன.

ஆயினும் அயலானின் கடை என்பது பிறர் நிலத்தில் ஊன்றிய மரம் போன்றது. நிலத்துக்குரியவர் மனம் மாறினால் வேர் ஆட்டங்காணும். 1964-இல் பர்மாவில் நெ வின் அரசு கடைகளை நாட்டுடைமையாக்கிய போது, பல்லாண்டு உழைப்பால் உருவான வணிக நிலையங்களை இழந்து கப்பலேறித் திரும்பிய தமிழர்கள் பல்லாயிரவர். சென்னையின் பர்மா பஜார் அவர்களுடைய மறுவாழ்வின் பெயரையே இன்றும் சுமந்து நிற்கிறது. 1975-க்குப் பின்னர் சைகோனிலும் ஏறத்தாழ இதே நிலைதான் ஏற்பட்டது.

சொந்தப் பெயரில், முறையான உரிமத்துடன் நடந்த கடைக்கே இத்தகைய ஆபத்து உண்டென்றால், பிறர் பெயருக்குள் ஒளிந்து நடக்கும் கடையின் கதி என்ன? பர்மாவில் இழந்தவர், இது என் கடையாக இருந்தது என்றேனும் உலகறியச் சொல்ல முடிந்தது. இரவல் பெயரில் கடை நடத்துபவருக்கு அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும் உரிமைகூட இல்லை.

இரவல் பெயர்

எண்ணெய் வளம் பெருகிய 1970-களிலிருந்து நம் சபுராளிகளின் திசை மேற்கே திரும்பிற்று. வளைகுடா நாடுகளில் வேலை செய்ய வந்த அயல்நாட்டவருக்கு ஒரு 'கஃபீல்' இருந்தாக வேண்டும் என்பது ஏற்பாடு. பொறுப்பேற்பவர் என்பதே அச்சொல்லின் பொருள். கூலிக்கு வந்தவர் தம் பெயரில் கடை வைப்பதற்குச் சட்டத்தில் இடமில்லாதிருந்தது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 1984-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், கம்பெனிப் பங்குகளில் 51 விழுக்காட்டை உள்நாட்டவரே வைத்திருக்க வேண்டுமென விதித்தது. கதவு இப்படி இறுகியிருந்ததால் பக்கத்தில் ஒரு சந்து தோன்றிற்று.

அதன் நடைமுறையை அறியாதார் பொருட்டுச் சுருக்கமாகச் சொல்வோம். வணிகப் பதிவு உள்நாட்டவர் ஒருவரின் பெயரில் இருக்கும். நகராட்சி உரிமமும், கடை வாடகைப் பத்திரமும், வங்கிக் கணக்கும் அவர் பெயரிலேயே இருக்கும். முதல் போட்ட நம் சகோதரரோ, ஏட்டின்படி அந்தக் கடையில் சம்பளம் வாங்கும் விற்பனையாளர், அல்லது சமையற்காரர், அல்லது வண்டி ஓட்டுநர். மாதந்தோறும் ஒரு தொகை பெயருக்குரியவரின் கைக்குப் போய்ச் சேரும். கடையில் இலாபம் வந்தாலும் வராவிட்டாலும் அத்தொகை நிற்காது. ஒவ்வோர் ஆண்டும் இருப்புரிமை அட்டையைப் புதுப்பிக்கும் வேளையில் அது கூடினாலும் கூடும். குறைந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. பொறுப்பேற்பவர் என்று பெயர் பெற்றவர் வாடகை வசூலிப்பவராக மாறிவிடுகிறார்.

இதற்குச் சவூதி அரேபியாவில் 'தஸத்துர்' என்று பெயர். திரையிட்டு மறைந்துகொள்ளுதல் என்பது பொருள். நம் நாட்டில் 'பினாமி' என்கிறோம். மலேசியாவில் 'அலி பாபா வணிகம்' என்பார்கள். 1971-இல் அந்நாடு புதிய பொருளாதாரக் கொள்கையை வகுத்து மண்ணின் மைந்தர்களுக்கு உரிமங்களில் முன்னுரிமை அளித்தது. உரிமம் வைத்திருக்கும் அலி ஒருபுறம் அமர்ந்திருக்க, உண்மையில் தொழில் நடத்தும் பாபா மறுபுறம் உழைக்கும் நிலையை மக்கள் இவ்வாறு எள்ளி நகையாடினர். நாட்டுக்கு நாடு பெயர் மாறினாலும் செயல் ஒன்றே. உழைப்பவரின் பெயர் ஏட்டில் இராது. ஏட்டில் பெயருள்ளவர் உழைக்கமாட்டார்.

நல்ல மனிதர்தானே?

இதனைக் கேட்கும் சகோதரர்கள் பலர், எங்கள் கஃபீல் தங்கமான மனிதர், இருபது ஆண்டுகளில் ஒரு சொல் மாறியதில்லை என்று பதிலுரைப்பார்கள். அத்தகைய நல்லோர் அங்கே நிறைய உண்டு என்பதை நாமும் மனமார ஒப்புக்கொள்கிறோம். பெருநாளில் தம் வீட்டிலிருந்து உணவு அனுப்புவோரும், நோயுற்றால் மருத்துவமனைக்குத் தாமே வண்டியோட்டி அழைத்துச் செல்வோரும் அவர்களிடையே இருக்கிறார்கள்.

மனிதர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் மரணமற்றவரா? அவர் கண்மூடிய நாளிலிருந்து, ஏட்டின்படி அந்தக் கடை அவருடைய வாரிசுகளின் சொத்து. மனைவியும் மக்களும் பங்கு பிரிக்க அமரும்போது, உங்கள் தந்தைக்கும் எனக்கும் ஒரு வாய்ப்பேச்சு இருந்தது என்று சொல்பவரின் குரல் எந்த மன்றத்தில் எடுபடும்? வாரிசுகளும் நல்லவர்களாகவே இருந்தால்கூட, எதை நம்பி அவர்கள் விட்டுக்கொடுப்பார்கள்? அவர்களுக்குள்ளும் சிறுவர்கள் இருக்கலாமன்றோ!

மறுபுறத்தையும் எண்ணிப் பாருங்கள். கடை நடத்திய நம் சகோதரர் ஒரு நாள் மாரடைப்பால் இறந்துவிடுகிறார். ஊரில் அவர் மனைவி இத்தாவில் அமர்ந்திருக்கிறாள். பிள்ளைகள் சிறியவர்கள். கடையில் சரக்கு எவ்வளவு, வெளியில் வரவேண்டிய நிலுவை எவ்வளவு, யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பன அவளுக்குத் தெரியா. எடுத்துக் காட்டுவதற்கு ஒரு தாளும் இல்லை. ஏட்டின்படி அவள் கணவர் அக்கடையின் விற்பனையாளர். கடைசிச் சம்பளத்தையும் பணிக்கொடையையும் தவிர அவருக்குச் சேரவேண்டியது ஏதும் இல்லை. பதினெட்டு ஆண்டு உழைப்பும், அவளுடைய கழுத்திலிருந்தும் கையிலிருந்தும் கழன்று போன நகையும் எங்கே என்று கேட்டால், யாரோ ஒருவர் இரக்கப்பட்டுத் தந்தால் உண்டு, இல்லையேல் இல்லை.

அநாதைகளின் பொருளை அநியாயமாக உண்போரை 'நிஸா' அத்தியாயம் எவ்வளவு கடுமையாக எச்சரிக்கிறது என்பதை நாம் அறிவோம். உண்பவரை இறைவன் விசாரிப்பான். ஆனால் அந்தப் பொருளை எவரும் எடுத்துக்கொள்ளக் கூடிய இடத்தில், பூட்டும் சாவியும் இன்றி வைத்துவிட்டுச் சென்றவருக்கு ஒரு கேள்வியும் இராதா? தன் மக்களின் உரிமையைத் தானே அழியாமல் காப்பது தந்தையின் கடமையல்லவா?

சட்டம் என்ன சொல்கிறது?

சவூதி அரேபியா 2004-இலேயே தஸத்துரைத் தடுக்கச் சட்டம் செய்தது. அதற்குப் பதிலாக 2020 ஆகஸ்டில் வந்த புதிய சட்டம் மிகக் கடுமையானது. பெயரைக் கொடுத்தவர், அதில் ஒளிந்து தொழில் நடத்தியவர் ஆகிய இருவருக்கும் ஐந்து ஆண்டுகள் வரை சிறையும் 50 இலட்சம் ரியால் வரை அபராதமும் விதிக்க அது இடமளிக்கிறது. முறைகேடாக ஈட்டிய பொருளைப் பறிமுதல் செய்யலாம். தண்டனை பெற்ற அயல்நாட்டவர் நாடு கடத்தப்படுவார். மீண்டும் அங்கே வேலைக்கு வர முடியாது. துப்புக் கொடுப்பவருக்கு வசூலாகும் அபராதத்தில் 30 விழுக்காடு வரை வெகுமதியும் உண்டு. உங்கள் இரகசியத்தை அறிந்த ஒவ்வொருவருக்கும் அதற்கொரு விலை குறிக்கப்பட்டுவிட்டது என்பதே இதன் பொருள்.

முறைப்படுத்திக்கொள்ள விரும்பியோருக்கு அளித்த தவணையும் 2022 பிப்ரவரியில் முடிந்துவிட்டது. கடைகளில் மின்னணு முறையில் பணம் பெறும் வசதி கட்டாயமாகிவிட்டது. 2021 டிசம்பரிலிருந்து மின்னணு விலைப்பட்டியலும் நடைமுறைக்கு வந்துவிட்டது. முன்போல் கல்லாப் பெட்டியின் பணத்தை யாரும் அறியாமல் பையில் போட்டுக்கொண்டு செல்வதற்கில்லை. ஏட்டில் சமையற்காரராக இருப்பவர் சம்பளத்தைப் போல் பலமடங்கு பணம் ஊருக்கு அனுப்பினால், அது எங்கிருந்து வந்தது என்ற வினா எழாமல் இராது.

இரகசியமாக ஒரு பக்கப் பத்திரம் எழுதி வைத்திருக்கிறோம் என்று சிலர் ஆறுதல் கொள்கிறார்கள். சட்டத்தை மீறுவதற்காகவே எழுதப்பட்ட பத்திரத்தைக் கொண்டு எந்த நீதிபதியிடம் நீதி கேட்பது? அதைக் காட்டும் கணத்திலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டவராகிறோம். நம் இந்திய நாட்டிலும் 1988-ஆம் ஆண்டின் பினாமிச் சட்டம், பினாமியாக வைத்த சொத்தை உண்மையில் என்னுடையது என்று வழக்குத் தொடுத்து மீட்க முடியாதபடி தடுத்துவிட்டது. 2016-இல் அது மேலும் இறுக்கப்பட்டது. இரவல் பெயருக்குள் வைத்த பொருளை நீதிமன்றத்தின் வழியே திரும்பப் பெறுவது எங்கும் எளிதன்று.

முதல் போட்ட உறவினர்

இனி, அந்த முதல் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்ப்போம். பெரும்பாலும் அது ஊரிலிருந்து வருகிறது. அண்ணன் நிலத்தை ஒற்றி வைத்துத் தருகிறார். மச்சான் தம் சேமிப்பைத் தருகிறார். கைம்பெண்ணான சித்தி, கணவர் விட்டுச்சென்ற தொகையைத் தருகிறாள். எல்லாம் வாய்ப்பேச்சு! ஓர் இலட்சத்துக்கு மாதம் இவ்வளவு தருவேன் என்பது வாக்குறுதி. இதனைப் 'பங்கு' என்று அழைக்கிறார்கள்.

இது பங்குதானா? முதல் ஒருவருடையதும் உழைப்பு இன்னொருவருடையதுமாக அமையும் கூட்டுக்கு நம் மார்க்கச் சட்ட அறிஞர்கள் 'முளாரபா' என்று பெயரிட்டு விதிகளை வகுத்துள்ளனர். இலாபத்தைப் பாதி என்றோ, மூன்றில் ஒன்று என்றோ முன்கூட்டியே விகிதமாகப் பேசிக்கொள்ள வேண்டும். நட்டம் வந்தால் அது முதலைச் சாரும். உழைத்தவர் தம் உழைப்பை இழப்பார். இலாபம் வந்தாலும் நட்டம் வந்தாலும் முதலுக்கு மாதம் இத்தனை ரூபாய் என்று உறுதி செய்துவிட்டால் அது கூட்டு வணிகம் ஆகாது. வட்டியின் வாசலில் போய் நின்றுவிடும். அன்னை கதீஜா (ரலி) அவர்களின் சரக்கை நாயகம் (ஸல்) அவர்கள் ஷாம் நாட்டுக்கு எடுத்துச் சென்றபோது, சரக்கு யாருடையது, அதைக் கொண்டு செல்பவர் யார் என்பது மக்கா நகரமே அறிந்த செய்தியாக இருந்தது.

திருக்குர்ஆனில் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது என்று எண்ணிப் பாருங்கள். 'பகரா' அத்தியாயத்தின் 282-ஆவது வசனம் அது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பதைப் பற்றியே அது பேசுகிறது. சிறிய தொகையாயினும் பெரிய தொகையாயினும் எழுதுவதற்குச் சோம்பலாகாது, நேர்மையான எழுத்தர் வேண்டும், சாட்சிகள் வேண்டும் என்று விரிவாக ஆணையிடுகிறது. சொந்தத் தம்பியிடம் பத்திரம் கேட்பதா என்று நாம் நாணுகிறோம். இறைவன் நாணவில்லை. எழுதாத கணக்கினால் எத்தனை உடன்பிறந்தார் ஒருவர் வீட்டு மையித்துக்கு மற்றவர் செல்லாத அளவுக்குப் பகைத்து நிற்கிறார்கள் என்பதை நம் ஊர்களே அறியும்.

பட்டவர் பிறரைப் படுத்துவதா?

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் இடந்தரவில்லை. கடை சிறிது நிமிர்ந்ததும் ஆட்கள் தேவைப்படுகிறார்கள். ஊரிலிருந்து இளைஞர்களை அழைக்கிறார் கடைக்காரர். 'ஃப்ரீ விசா' என்று ஒரு பெயர்! வருபவன் இலட்சக் கணக்கில் பணம் கட்டிவிட்டே வருகிறான். இதில் இலவசம் என்பது பெயரளவில்தான். அவனுடைய ஒப்பந்தம் ஒருவரிடம். அவன் வேலை செய்வது வேறொருவரிடம். சம்பளம் கேட்டால் அடுத்த மாதம் என்கிறார்கள். எதிர்த்துப் பேசினால், ஓடிப்போனவன் என்று பொருள்படும் 'ஹுரூப்' முறையீடு பதிவாகுமோ என்ற அச்சம் அவன் வாயை அடைத்துவிடுகிறது.

தாம் ஏட்டில் இல்லாதவராக வாழ்ந்த துன்பத்தை உணர்ந்த ஒருவரே, தம் ஊர்ப் பிள்ளையை ஏட்டில் இல்லாதவனாக வைத்திருப்பதை என்னென்பது! உழைப்பாளியின் வியர்வை உலருமுன் அவனுக்குரிய கூலியைக் கொடுத்துவிடுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் மேடைதோறும் பேசுகிறோம். அந்த அறிவுரை அந்நிய முதலாளிகளுக்கு மட்டுமானதன்று. ஒளிவில் நடக்கும் கடையில் கூலியும் ஒளிவிலேயே கொடுக்கப்படுகிறது. ஒளிவில் நிற்கும் கூலியைக் கேட்க நாதியில்லை.

நியாயமான மறுப்பு

இதையெல்லாம் படிக்கும் ஒருவர், சட்டவழியில் கடை வைக்க எங்களுக்கு வழி எங்கே விட்டார்கள் என்று சினத்துடன் கேட்கலாம். அவர் கேட்பதில் நியாயம் உண்டு. சவூதியில் 2019-இல் அறிமுகமான தனிச்சிறப்பு இருப்புரிமையைக் கொண்டு, கஃபீல் இன்றி வாழலாம், தொழிலும் செய்யலாம். ஆனால் அதற்கு அறிவிக்கப்பட்ட கட்டணம் ஆண்டுக்கு ஒரு இலட்சம் ரியால். நிலையாகப் பெற எட்டு இலட்சம் ரியால். தேநீரும் ரொட்டியும் விற்கும் நம் சகோதரருக்கு அது எட்டாக் கனி. சிறியவனை ஏட்டுக்குள் விடாமல் பல்லாண்டுகள் கதவடைத்துவிட்டு, அவன் ஏன் திரைக்குப் பின்னே நின்றான் என்று கேட்பது முழு நீதியாகாது என்பதை அங்குள்ள ஆட்சியாளரும் சிந்திக்க வேண்டும். தம் பெயரை வாடகைக்கு விட்டு, உழைப்பின்றி மாதந்தோறும் உண்டவர்களும் அல்லாஹ்வுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆயினும் கதவு அடைத்திருந்தது என்பதால் சுவரேறிக் குதிப்பது ஆகுமானதாகிவிடாது. ஒரு நாட்டுக்குள் நுழையும்போது அந்நாட்டின் நிபந்தனைகளை ஏற்றுக் கையொப்பமிடுகிறோம். விசாத் தாளும் ஓர் உடன்படிக்கையே. உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு இறைநம்பிக்கையாளர்களை அழைத்து ஆணையிட்டே 'மாயிதா' அத்தியாயம் தொடங்குகிறது என்பதை மறந்துவிடலாகாது.

மேலும் எல்லாக் கதவுகளும் இன்று அடைபட்டிருக்கவில்லை. அமீரகம் தன் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி, 2021 ஜூன் முதல் பெரும்பாலான தொழில்களில் அயல்நாட்டவர் முழுப் பங்கையும் தாமே வைத்துக்கொள்ள இடமளித்துவிட்டது. ஜபல் அலியில் 1985-இல் தோன்றிய சுதந்திர வணிக மண்டலத்தைப் போன்ற மண்டலங்களில் இவ்வுரிமை முன்னரே இருந்தது. மலேசியாவில் அயல்நாட்டவர் தனிநபர் கடையாகப் பதிவுசெய்ய இயலாது, கம்பெனியாகப் பதிவுசெய்யலாம். சிங்கப்பூரில் கூலி அனுமதியில் சென்றவர் வணிகம் செய்யக்கூடாது. கம்பெனி தொடங்க விழைவோர், அங்கே வசிக்கும் ஒருவரை இயக்குநராகக் கொள்ள வேண்டும். செலவு கூடும், தாள்கள் பல எழுத வேண்டும், உண்மைதான். ஆனால் அந்தத் தாள்களில் நம் பெயர் இருக்கும்.

இவற்றுள் எதற்கும் வசதியில்லாதவர் என்ன செய்வது? கூலியிலேயே சிறிது காலம் தொடர்ந்து, சேமித்து, ஊருக்குத் திரும்பிக் கடை வைப்பது தாழ்வன்று. சிறிதாயினும் தன் பெயர்ப் பலகை தொங்கும் கடையில் அமர்ந்திருப்பவன், பிறர் பெயர்ப் பலகையின் கீழே அமர்ந்திருப்பவனைவிட நிம்மதியாக உறங்குவான்.

கேட்க வேண்டிய ஐந்து வினாக்கள்

அயல்நாட்டுக் கடைக்கு முதல் கேட்டு ஒருவர் உங்கள் வாசலுக்கு வந்தால், நகைப்பெட்டியைத் திறக்குமுன் ஐந்து வினாக்களைக் கேளுங்கள். வணிகப் பதிவு யார் பெயரில்? கடை வாடகைப் பத்திரமும் வங்கிக் கணக்கும் யார் பெயரில்? உங்கள் இருப்புரிமை அட்டையில் என்ன தொழில் எழுதியிருக்கிறது? நட்டம் வந்தால் யாருக்கு எவ்வளவு? நாளைக்கு உங்களுக்கு ஒன்று நேர்ந்தால், எந்தத் தாளைக் கையில் கொண்டு உங்கள் மனைவி யாரிடம் போக வேண்டும்?

முதல் மூன்று வினாக்களுக்கு விடை வராவிட்டால், முதலைத் தராதிருப்பதே அவருக்கும் உங்களுக்கும் நன்மை. கடைசி இரண்டுக்கும் விடை வந்தால், அதை அப்பொழுதே எழுதி, இரு சாட்சிகளின் கையொப்பத்துடன் பத்திரப்படுத்துங்கள்.

நம் ஜமாஅத்துகளுக்கும் இதில் பங்குண்டு. விடுமுறையில் வரும் கடைக்காரரிடம் பள்ளிவாசல் கட்டட நிதிக்கு எவ்வளவு தருவார் என்று கேட்கிறோம். அவர் கடையின் பெயர் யாருடையது, அவரிடம் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கு மாதச் சம்பளம் ஒழுங்காகச் சேருகிறதா என்று ஒரு முறையேனும் கேட்டதுண்டா? கேட்டால் நன்கொடை குறையும் என்று அஞ்சுகிறோமா? ஒவ்வொரு மஹல்லாவிலும் ஓர் எழுத்தரையும், சட்டம் அறிந்த ஒருவரையும் அமர்த்தி, பயணம் புறப்படுவோரின் கூட்டு ஒப்பந்தங்களை எழுதிப் பதிந்து வைத்தால், பிற்காலத்தில் பஞ்சாயத்துக்கு வரும் வழக்குகளில் பாதி குறையும். மினாராவை இன்னும் பத்தடி உயர்த்துவதைவிட இது அவசரமான பணி.

சகோதரர்களே! சந்தைக்கு வழி கேட்டவர்களின் வழித்தோன்றல்கள் நாம். இன்றும் வழி கேட்போம். சந்தைக்குள் நுழையும்போது முகத்தை மூடிக்கொள்ளாமல், நம் பெயரைச் சொல்லிக்கொண்டு நுழைவோம். ஈட்டும் பொருள் சிறிதாயினும், நாம் இல்லாத நாளிலும் அது நம் மக்களின் கைக்குச் சேரும்படி எழுதி வைப்போம்.

வல்ல அல்லாஹ் நம் சம்பாத்தியத்தில் தூய்மையையும், நம் கணக்குகளில் தெளிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.